அதிமதுரக் குச்சியும் மூன்று மௌன ஜெபங்களும்

அண்ணாச்சி, ஒரு உதவி. நீங்க ஜன்னல் பக்கம் தள்ளி உட்காருவீங்களா? எனக்கு இந்த வழிப்பக்கத்துச் சீட்டுதான் வேணும். இப்போது அவசியம் ஒன்றுமில்லை, உடம்பு சரியாகிவிட்டது. ஆனாலும் பழக்கம் பாருங்க, எங்கே உட்கார்ந்தாலும் எழுந்து ஓட வழி இருக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடுகிறது. ரொம்ப நன்றி. அந்தப் பையை இப்படிக் கொடுங்க, என் காலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ரெண்டு பைக்கும் இடம் இருக்கிறது.

அடேயப்பா, ஒரு லிட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் முடிச்சிட்டீங்களே! வெயில் அப்படி. பஸ் ஸ்டாண்டில் இளநீரும் குடிச்சீங்க, நான் பார்த்தேன். நல்லது. இளநீரின் அருமை எனக்குத் தெரிந்த மாதிரி இந்தத் திருநெல்வேலி ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. திருச்செந்தூர் வரைக்குமா? நான் முன்னாடியே குரும்பூரில் இறங்கிடுவேன். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

என் பேர் எட்வின் பொன்னையா. ஊர் இரட்சணியபுரம், குரும்பூரிலிருந்து உள்ளே மூன்று மைல். பதினாறு வருஷம் மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊருக்கே வந்துவிட்டேன். திரும்பி வந்தவனைப் பார்த்து ஊர் ஒரே கேள்விதான் கேட்கும்: 'இனி என்ன செய்யப் போற?' எனக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. எங்கள் ஊர் சர்ச் மைதானத்தில் ஒவ்வொரு செப்டம்பரும் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். வெளிநாட்டிலிருந்து கென்னத் ஐயா என்று ஒரு பெரியவர் வந்து பிரசங்கம் பண்ணுவார். எழுபத்தெட்டு வயது, வெள்ளைத் தாடி, கணீரென்ற குரல். அவர் இங்கிலீஷில் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் நிற்கிறவர் தமிழில் அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் நிற்கிறவன் நான்.

சாதாரண வேலை என்று நினைத்துவிடாதீங்க. ஒரு பாஷையைக் காதில் வாங்கி இன்னொன்றை வாயால் விட வேண்டும். நடுவில் அரை வினாடி இருக்கிறதே, அந்த அரை வினாடி நான் எந்தப் பாஷையிலும் இருப்பதில்லை. இங்கேயும் இல்லை, மஸ்கட்டிலும் இல்லை. அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னவோ, அங்கேதான் நான் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதோ, சட்டைப்பையில் டாக்டர் கொடுத்த சீட்டு, நான் மேடையில் நிற்கலாம் என்று. இன்றைக்குச் சாயங்காலம் இந்த வருஷக் கூட்டம் தொடங்குகிறது. ஐந்தரைக்குள் இந்தச் சீட்டைக் கமிட்டி கையில் கொடுத்தால் மைக் எனக்கு. கொடுக்காவிட்டால் ரத்தினசாமி சாருக்கு. ரத்தினசாமி சார் யார் என்றால், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். எனக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் அவர்தான் மொழிபெயர்த்தார். இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஜனங்கள் சுத்தமாகத் தூங்குவார்கள்.

நெளியாதீங்க அண்ணாச்சி, இந்த பஸ் சீட்டு கொஞ்சம் குண்டும் குழியும்தான். சாய்ந்து உட்காருங்க.

முதல் வருஷமே தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் நாள் பேசுவது நானா தவளையா என்று எனக்கே தெரியவில்லை. பாடகர் குழு ஆசீர் அண்ணன்தான், "எட்வினு, அதிமதுரக் குச்சிய வாயில அடக்கிக்கோ, தொண்டை தேனாட்டம் இருக்கும்" என்றார். நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். இனிப்பு என்றால் அப்படி ஒரு இனிப்பு! அன்றைக்குக் கன்னத்தில் ஒதுக்கியவன்தான். காலையில் பல் தேய்த்ததும் ஒரு குச்சி, சாப்பிட்டதும் ஒரு குச்சி, மத்தியானம் தட்டிப்போட்ட கஷாயம், படுக்கப் போகும்போது வாயில் ஒரு துண்டு. எட்டு மாதம் அப்படி ஓடியது. குரல் தேன்தான், அதில் சந்தேகமே இல்லை.

என் மனைவி லீலாபாய் மட்டும், "அந்தக் குச்சியத் துப்புங்க முதல்ல. மாடு அசைபோடுத மாதிரி இருக்கு பாக்கதுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கலையின் அருமை வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கே தெரிகிறது?

அப்புறம்தான் ஆரம்பித்தது. கூச்சப்படாமல் சொல்கிறேன், நாம் ரெண்டு பேரும் ஆம்பிளைகள்தானே. ஒன்றுக்குப் போவது. ஒரு நாளைக்கு இருபது தடவை. போய்விட்டு வந்தால் தாகம், ஒரு செம்பு தண்ணீர். குடித்தால் மறுபடியும் போக வேண்டும். அதுவும் எப்படி? பச்சைத் தண்ணீர் மாதிரி, நிறமே கிடையாது. கக்கூஸ் கதவைத் திறந்து திறந்து கீல் தேய்ந்துபோனது.

நான் என்ன நினைப்பேன்? நீங்க என்ன நினைப்பீங்க? சர்க்கரை! ஆமா, நானும் அதைத்தான் நினைத்தேன். உடனே கட்டுப்பாடு. வாழைப்பழத்தை விட்டேன். இளநீரை விட்டேன். ஆரஞ்சு, மாதுளை, கிழங்கு, கீரை, ஒன்றும் கிடையாது. காப்பியில் சீனி கிடையாது. பதிலுக்கு நாலு துண்டு அதிமதுரம் கூடுதலாகத் தட்டிப்போட்டுக் குடித்தேன். அது சீனி இல்லையே, வேர்தானே!

சிறுநீரில் சர்க்கரை இருந்தால் மொய்க்குமே என்று எறும்பு பார்த்தேன். எங்கள் பக்கத்து வழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எறும்பு வரிசையாக வந்தது. சிரட்டைக்குப் பக்கத்தில் நின்றது. சுற்றிக்கொண்டு போய்விட்டது. அடுத்த எறும்பும் அப்படியே. லீலா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எறும்பே வேண்டாம்னுட்டுப் போயிட்டு. எந்திரிச்சு வந்து ஒழுங்காச் சாப்பிடுங்க" என்றாள். நான் அவ்வளவு சுலபத்தில் ஏமாறுகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டு எறும்புக்குப் பரம்பரையாகக் கருப்பட்டிதான் பழக்கம், சர்க்கரையை அது எப்படி மதிக்கும்? அப்புறம் மூன்று ஊரில் மூன்று லேபில் ரத்தம் கொடுத்தேன். மூன்றிலும் சர்க்கரை இல்லை. மூன்று மெஷினும் கெட்டுப்போயிருந்தது என்றால் நம் நாட்டு நிலைமையைப் பாருங்க.

என்ன, பஸ் நின்றுவிட்டது? ஓ, ரயில்வே கேட் போட்டிருக்கிறான். ஆமா, எல்லாரும் இறங்கி அந்த வேலிப் பக்கம் போகிறார்கள். நீங்க எங்கே எழுந்திருக்கீங்க? உட்காருங்க, உட்காருங்க! இப்போதுதான் கதையில் முக்கியமான இடம். வண்டி எடுத்துவிட்டால் ஓடிவர முடியுமா?

போன வருஷக் கன்வென்ஷன். முதல் நாள். கென்னத் ஐயா ஒரு கலங்கரை விளக்கத்துக் கதையை எடுத்தார். காவல்காரர், அவருடைய மகள், நாய், எண்ணெய்ப் பீப்பாய், புயல் என்று போய்க்கொண்டே இருக்கிறார். எனக்கு அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து வரியையும் சேர்த்துப் பிடித்து, "விளக்கு அணைந்தால் கப்பல் உடையும்!" என்று ஒரே போடாகப் போட்டேன். ஜனங்கள் 'ஆ' என்றார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள். அவர் அடுத்து அந்த நாய்க்கு வந்தார். எனக்கு முடியவில்லை அண்ணாச்சி. மைக்கை நிமிர்த்தினேன். "இந்த நேரத்தில் நாம் அனைவரும் கண்களை மூடி, தலைகளைத் தாழ்த்தி, மௌனமாக ஜெபிப்போம்" என்றேன்.

எங்கள் ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடு என்றால் மூடிவிடுவார்கள். ஆமென் சொல்லும்வரை இடி விழுந்தாலும் திறக்கமாட்டார்கள். இரண்டாயிரம் பேர் தலை கவிழ்ந்தது. கென்னத் ஐயா பார்த்தார். பரிசுத்த ஆவியானவர் ஏதோ செய்கிறார் என்று அவரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இடதுபக்கப் படிவழியாக இறங்கினேன். பக்கத்து ஸ்கூல் கக்கூஸ் அறுபது தப்படி. திரும்பி வந்து, மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, கனிவாக "ஆமென்" என்றேன். அன்றைக்கு மட்டும் மூன்று மௌன ஜெபம்.

கூட்டம் முடிந்ததும் என்ன பேச்சு தெரியுமா? "இந்த வருஷம் மாதிரி ஜெபமுள்ள கூட்டம் பார்த்ததில்லை." கென்னத் ஐயாவே கண் கலங்கி, நாற்பது வருஷ ஊழியத்தில் இப்படிப்பட்ட ஜனங்களைக் கண்டதில்லை என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது, என் பங்கை அடக்கமாக விட்டுவிட்டேன்.

உங்க கண்ணும் கலங்குகிறதே! அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. நல்ல மனசு உங்களுக்கு.

ரத்தினசாமி சார் மட்டும் காப்பித் தம்ளரோடு வந்து நின்றார்.

"வே எட்வினு. அவரு ஜெபம் பண்ணுவோம்னு எப்பவே சொன்னாரு? நாயப் பத்தில்லா பேசிட்டு இருந்தாரு?"

"குறிப்பாச் சொன்னாரு சார். உள்ளர்த்தம்."

"உள்ளர்த்தமா? நாளைக்கு நான் மேடைக்குக் கீழயே நாற்காலி போட்டு உக்காருதேன். உள்ளர்த்தம் எந்தப் பக்கமா இறங்கி எங்க போகுதுன்னு பாக்கேன்."

மறுநாள் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். உள்ளே விட்டால்தானே வெளியே வரும்? காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்தது. அதிமதுரத்தை மட்டும் கூடப் போட்டுக்கொண்டேன், எச்சில் ஊறட்டும் என்று. ஆனால் அண்ணாச்சி, குடிக்காத தண்ணீர் வந்துகொண்டே இருந்தது! பதினோரு தடவை! எங்கிருந்து வருகிறது? யார் வீட்டுத் தண்ணீர்? எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

சாயங்காலம் மேடையில் நிற்கிறேன். ரத்தினசாமி சார் கீழே, கண்ணை அகலத் திறந்துகொண்டு. கென்னத் ஐயா ரெண்டு வரி சொன்னார். நான் வாயைத் திறந்தேன், ரெண்டு காலும் துணி மாதிரித் துவண்டது. மைக்கோடு அப்படியே உட்கார்ந்தேன், அப்புறம் படுத்தேன். ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? எனக்குள் ஆவியின் வல்லமை இறங்கிவிட்டது என்று! ஆசீர் அண்ணன் குழுவோடு பாட்டே எடுத்துவிட்டார். ரத்தினசாமி சார் ஒருத்தர்தான் மேடையில் ஏறி, என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்ட நிறுத்துங்கல! நெஞ்சு தாறுமாறா அடிக்கி. காரை எடு!" என்று கத்தினார். கோபக்காரர். ஆனால் திருநெல்வேலி வரைக்கும் என் தலையைத் தன் மடியில்தான் வைத்திருந்தார், லீலா சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெர்லின். சின்ன வயசுதான், ஆனால் கண்ணு செர்ச்லைட். ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு, "சர்க்கரை இல்லை. பொட்டாசியம் மூணரைக்கு மேல இருக்கணும். உங்களுக்கு ரெண்டேகால். அதான் கால் துவண்டது, இதயம் தடுமாறினது. சிறுநீர் ஏறக்குறைய வெறும் தண்ணி. நாள் முழுக்கக் குடிக்காதவருக்கு அது தேன் நிறத்துல கெட்டியா இருக்கணுமே. என்ன சாப்பிடுறீங்க?" என்றாள். நான் விட்டதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, கீரை இல்லை.

"எல்லாமே பொட்டாசியம் உள்ளது. சரி, வாயில என்ன?"

"ஒண்ணுமில்லையே டாக்டர்."

"வாயத் திறங்க."

திறந்தேன். குச்சி நெஞ்சில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். லீலாவைத் திரும்பிப் பார்த்தாள். லீலா, "ஒரு வருஷமா டாக்டர். நானும் சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சுட்டு" என்றாள். கவனிங்க, அவள் சொன்னது மாடு மாதிரி இருக்கிறது என்பதற்காக. பொட்டாசியத்துக்காக அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. அதனால் அது கணக்கில் சேராது.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். கிட்னி ஒரு நாளைக்கு நூற்றியெண்பது லிட்டர் வடிகட்டுகிறதாம் அண்ணாச்சி! ஒரு டிரம்! அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பி எடுத்துக்கொண்டு, ஒன்றரை ரெண்டு லிட்டரை மட்டும் கெட்டியாக்கி வெளியே விடுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, 'தண்ணியைத் திருப்பி எடு' என்று உத்தரவு போடும். கிட்னியில் இருக்கிற சின்னச் சின்ன வாசல்கள் திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். பொட்டாசியம் ரொம்ப நாள் குறைந்தே கிடந்தால் கிட்னி அந்த உத்தரவை மதிப்பதில்லை. வாசல்கள் திறப்பதில்லை. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னாலேயே தாகமும் வரும். என் பொட்டாசியத்தை வெளியே தள்ளியது யார்? அந்த இனிப்பு வேர். கொஞ்சமாக மருந்துக்குச் சாப்பிடுவது வேறு, நான் மாசக்கணக்கில் மென்றது வேறு. ரத்த அழுத்தம் ஏறியிருந்ததும் அதனால்தான்.

"உங்க தொழிலை வச்சே சொல்லணும்னா, மூளை சரியாத்தான் பிரசங்கம் பண்ணுது. கிட்னிதான் மொழிபெயர்க்கலை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. படுத்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தேன். உள்ளே கெட்டியாக்க வேண்டியவன் வேலையை விட்டுவிட்டான். நான் மேடையில் நின்று பிரசங்கத்தைக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தேன். பத்து வரியை ஒரு வரியாக!

சொட்டுச் சொட்டாகக் கையில் பொட்டாசியம் ஏற்றினார்கள். அப்புறம் வாயில் ஊற்ற ஒரு டானிக், உலகத்தில் அதைவிடக் கேவலமான ருசி கிடையாது. அதிமதுரம் கூடாது. வாழைப்பழமும் இளநீரும் திரும்பி வந்தன. உடனே சரியாகிவிடவில்லை, கிட்னிக்கும் ரோஷம் இருக்கிறதே. மூன்று நாலு வாரம் கழித்து ஒருநாள் காலையில் பார்த்தேன், மஞ்சள் நிறம்! "லீலா, இங்க வந்து பாரு!" என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

அந்த மூன்றாம் நாள் கூட்டத்தை ரத்தினசாமி சார்தான் நடத்தினார். ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தாராம், நாய் உட்பட. பாதி மைதானம் பாயில் சாய்ந்துவிட்டதாம்.

அதோடு முடிந்ததா? போன வாரம் கமிட்டி கூடி, எட்வின் உடம்புக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும். நேரே ரத்தினசாமி சார் வீட்டுக்கே போனேன். அவர் சிரிக்கிறார்!

"மைக் நீயே பிடி வே. எனக்கு எழுபத்திரெண்டு. ஆனா திரும்ப விழுந்து தொலைச்சிராத, அதுக்குத்தான் சீட்டு. இன்னொண்ணு. கென்னத் ஐயா கடுதாசி போட்டிருக்காரு. அந்த மூணு மௌன ஜெபம் இந்த வருஷமும் கட்டாயம் வேணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தீங்களா சார்! உள்ளர்த்தம்!"

"ஏல, பேசாம இரி. முதல் நாளு நான் கண்ணத் திறந்துட்டேதான் இருந்தேன். நீ இந்தப் பக்கம் செருப்பக் கையில பிடிச்சிட்டு இறங்குன. அவரு அந்தப் பக்கமா இறங்கி சர்ச் ஐயர் வீட்டுக் கக்கூஸுக்கு ஓடுனாரு. மூணு தடவையும்! உனக்கு ரெண்டு நொடி முந்தி வந்து தலையக் கவுத்துக்கிட்டாரு."

இதற்கு நீங்க என்ன சொல்லுவீங்க? சாருக்கு எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். கென்னத் ஐயா எவ்வளவு பெரிய மனுஷர்! தனித்து ஜெபம் பண்ணப் போயிருப்பார். அவ்வளவுதான். எப்படியோ, என் மௌன ஜெபத்தின் அருமை கடல் தாண்டியும் தெரிந்திருக்கிறது. இந்த வருஷம் எனக்கே தேவையில்லை, ரெண்டரை மணி நேரம் அசையாமல் நிற்பேன். ஆனாலும் மூன்று வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மணி என்ன? நாலு ஐம்பத்தைந்தா! கேட்டில் இவ்வளவு நேரம் போய்விட்டதே. தென்திருப்பேரை தாண்டியாச்சு. குரும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஐந்தரைக்குச் சரியாக இருக்கும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கமிட்டிச் செயலாளர் மைக்கை ரத்தினசாமி சார் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஆள் கடிகாரத்தைக் கும்பிடுகிறவர்.

அண்ணாச்சி? என்ன, முகம் இப்படி வேர்க்கிறது? காலை மாற்றி மாற்றிப் போடுறீங்க. பல்லைக் கடிக்கிறீங்க. செய்துங்கநல்லூரிலிருந்தே ஏதோ சொல்ல வாயெடுத்தீங்க...

அட!

அட, மடையன் நான்! ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு இளநீர்! கேட்டில் எழுந்தவரைப் பிடித்து உட்காரவைத்தேனே! பாவி, எனக்கு இது தெரியாமல் போகுமா? இந்த முகத்தை மாசக்கணக்கில் கண்ணாடியில் பார்த்தவன் நான். ஒண்ணும் பேசாதீங்க அண்ணாச்சி, பேசினால் கஷ்டம். நான் மொழிபெயர்க்கிறேன். மைக்கே வேண்டாம் எனக்கு.

டிரைவர் அண்ணாச்சி! வண்டிய ஓரங்கட்டுங்க! ஒருத்தருக்கு அவசரம்!

பாருங்க, நின்றுவிட்டது. இதோ, பையை எடுத்துவிட்டேன், போங்க. அந்தப் பனை மறைவு வசதியாக இருக்கும். ஓடாதீங்க, நிதானமாப் போங்க. என் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க, கமிட்டி காத்திருக்கட்டும். ரத்தினசாமி சாருக்கு இங்கேயிருந்தே போன் போடுகிறேன். நான் போய்ச் சேரும் வரைக்கும் ஊரைக் கண்ணை மூடச் சொல்லட்டும்.

என்ன கண்டக்டர் தம்பி, முறைக்கிறீங்க? ரெண்டு நிமிஷம்தானே. நீங்களும் ஒரு மௌன ஜெபம் பண்ணுங்க.